பூவின் பெயர் முதல் சாடியின் நீர் வரை: கொய்மலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியப்பாவின் மணிவிழாவுக்குப் பூ ஏற்பாடு செய்யும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். பெரியம்மா தெலுங்கு பேசும் வீட்டில் வளர்ந்தவர். "சம்பங்கி நிறையச் சொல்லிடும்மா, அவருக்கு அந்த வாசனைன்னா உயிர்" என்று அவர் சொன்னதை அப்படியே பூக்கடையில் சொல்லி, பத்துக் கட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். விடியற்காலையில் முழங்கை நீளத் தண்டுகளில் வெண்மொட்டுகள் அடுக்கடுக்காக நிற்கும் கட்டுகள் வந்து இறங்கியபோது பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. அவர் மனத்தில் இருந்தது மரத்தில் பூக்கும், பொன்னிற இதழ்கொண்ட செண்பகம். தெலுங்கில் சம்பங்கி என்றால் செண்பகம். தமிழ்நாட்டுப் பூச்சந்தையில் சம்பங்கி என்றால் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ஒரு கிழங்குச் செடியின் பூ. பெரியம்மா சொன்னதும் சரி, கடைக்காரர் அனுப்பியதும் சரி. இருவருக்கும் நடுவில் நின்ற நான்தான் எந்தச் செடி என்று கேட்கத் தவறினேன்.

அன்று செண்பகமே வந்திருந்தால் அதைச் சாடியில் நிறுத்தியிருக்க முடியாது. காம்பு குட்டையான அந்தப் பூவை உருளியில் நீர் ஊற்றி மிதக்கவிட வேண்டும். சம்பங்கிக்கோ உயரமான சாடியும், அடிக்கடி மாற்றும் நீரும், தண்டில் புதிய வெட்டும் தேவை. எந்தச் செடி என்று தெரிந்தால்தான் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியும் என்பதால், கொய்மலர்களுக்கான, அதாவது தண்டோடு வெட்டிச் சாடியில் வைக்கும் பூக்களுக்கான, இந்த வழிகாட்டி பெயரில் தொடங்கிப் பராமரிப்புக்குச் செல்கிறது.

முதலில் பெயர்: வழக்குப் பெயரை எவ்வளவு நம்பலாம்

வழக்குப் பெயர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சந்தையில் பேச அவைதான் வேண்டும். ஆனால் ஒரு பெயர் பல செடிகளுக்கும், ஒரு செடி பல பெயர்களுக்கும் உரியதாக இருக்கிறது. செண்டுமல்லியில் மல்லி என்ற சொல் இருந்தாலும் அது மல்லிகைக்கு எவ்வகையிலும் உறவில்லை. துலுக்கச் சாமந்தி என்றும் அழைக்கப்படும் அந்தச் செடியின் அறிவியல் பெயர் டாஜெட்டஸ் எரெக்டா. அதன் தாயகமும் மெக்சிகோதான். மல்லிகைக் குடும்பத்துக்குள்ளேயே குண்டுமல்லி ஜாஸ்மினம் சம்பக், பிச்சி என்கிற ஜாதிமல்லி ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம், முல்லை ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம் என மூன்று வேறு சிற்றினங்கள் உள்ளன. அரளி என்ற பெயரில் நீரியம் ஒலியாண்டரும், மஞ்சள் அரளி என்ற பெயரில் முற்றிலும் வேறு பேரினமான காஸ்கபெலாவும் வழங்குகின்றன. இரண்டும் நச்சுச் செடிகள்.

குழப்பம் மிகுந்த பெயர் லில்லிதான். பூக்கடையில் விற்கும் ஏசியாட்டிக் லில்லி, ஓரியண்டல் லில்லி ஆகியவை லிலியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த உண்மையான லில்லிகள். பீஸ் லில்லி, கல்லா லில்லி இரண்டும் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வாட்டர் லில்லி என்பது நம் அல்லி. குளோரி லில்லி என்பது நம் மாநில மலரான செங்காந்தள். அது கொல்சிகேசியே குடும்பத்தது. வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர் போகும் விஷயம். லிலியம் பூவின் இதழையோ மகரந்தத்தையோ சிறிதளவு நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். பீஸ் லில்லியைக் கடித்தால் வாய் எரிச்சலும் எச்சில் வடிதலும் பெரும்பாலும் வரும். சிறுநீரகத்தை அது தாக்குவதில்லை. கடைக்காரர் "லில்லிதான்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், எந்த லில்லி என்று கேட்டு வாங்குங்கள்.

அறிவியல் பெயரைப் படிக்கும் முறை

ஒரு செடிக்கு இரு சொற்களில் பெயர் சூட்டும் முறையைச் சுவீடன் நாட்டின் கார்ல் லின்னேயசு நிலைநிறுத்தினார். 1753இல் வெளிவந்த அவருடைய தாவரத் தொகுப்பைத்தான் இன்றைய தாவரப் பெயரிடல் விதிகள் தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றன. முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் அப்பேரினத்துக்குள் சிற்றினத்தைச் சுட்டும் அடைமொழியையும் தருகின்றன. ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்திலும், அடைமொழி முழுவதையும் சிறிய எழுத்திலும், இரண்டையும் சாய்வெழுத்திலும் எழுதுவது மரபு. ஒரு கட்டுரையில் பேரினப் பெயரை ஒருமுறை முழுமையாக எழுதிவிட்டால், அதன்பின் முதலெழுத்தும் ஒரு புள்ளியும் போதும். பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கம் பெயர் சூட்டியவரைக் குறிக்கிறது. தனித்து நிற்கும் 'எல்' என்ற எழுத்து லின்னேயசைக் குறிக்கும்.

அடைமொழியை அர்த்தமில்லாத ஒலியாக மனப்பாடம் செய்யாமல், பொருள் தெரிந்து படித்தால் எளிதில் நினைவில் நிற்கும். டியூபரோசா என்றால் கிழங்குடையது, கிராண்டிஃப்ளோரம் என்றால் பெரிய பூவுடையது, எரெக்டா என்றால் நிமிர்ந்து நிற்பது. தாமரையின் பேரினப் பெயரான நெலும்போ, தாமரையைக் குறிக்கும் சிங்களச் சொல்லான 'நெலும்' என்பதிலிருந்து வந்தது. கறிவேப்பிலையின் அடைமொழி கொயனிகீ. 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியச் செடிகளைத் தேடித்தேடிச் சேகரித்த, லின்னேயசின் மாணவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரின் நினைவாக அந்தப் பெயர் நிற்கிறது. நம் வீட்டுத் தாளிப்பில் தினமும் விழும் இலையில் தரங்கம்பாடி வரலாறு ஒட்டிக்கொண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இரு சொற்களுக்குப் பின்னால், ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் ஒரு பெயர் வந்தால் அது பயிரிடு ரகத்தின் பெயர். சம்பங்கியில் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'பிரஜ்வல்', 'ஷிருங்கார்' ஆகியவையும், ஓசூர்ப் பகுதிப் பசுமைக்குடில்களில் வளரும் 'தாஜ்மகால்' ரோஜாவும் இப்படிப்பட்ட ரகங்கள். ரகப் பெயரைச் சாய்வெழுத்தில் எழுதுவதில்லை. பெயரின் நடுவில் பெருக்கல் குறி இருந்தால் அது கலப்பினம். சிற்றினம் எது என்று உறுதியாகத் தெரியாதபோது பேரினப் பெயருக்குப் பின் 'எஸ்பி' என்ற சுருக்கத்தை இட்டு நிறுத்திக்கொள்வது, தவறான அடைமொழியை எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

பெயர்கள் ஏன் மாறுகின்றன என்று பலர் எரிச்சலுடன் கேட்கிறார்கள். சம்பங்கியே நல்ல எடுத்துக்காட்டு. லின்னேயசு அதற்குப் பாலியாந்தஸ் டியூபரோசா என்று பெயரிட்டார். பின்னர் மரபணு ஆய்வுகள், அந்தப் பேரினம் முழுவதும் அகேவ் பேரினத்துக்குள் அடங்குவதைக் காட்டின. அதாவது நம் சம்பங்கி, இருப்புப்பாதை ஓரங்களில் முள்ளோடு நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம். பேரினம் மாறினாலும் அடைமொழி கூடவே போக வேண்டும் என்பது விதி. கறிவேப்பிலையை முர்ராயாவிலிருந்து பெர்கெராவுக்கு மாற்றியவர்களும் கொயனிகீயை விட்டுவிடவில்லை. ஆனால் அகேவ் டியூபரோசா என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு செடிக்குச் சூட்டப்பட்டிருந்தது. ஒரே பெயர் இரு செடிகளுக்கு இருக்கக் கூடாது என்பதால், அடுத்த பழைய அடைமொழியை எடுத்து, 2017இல் அகேவ் அமிக்கா என்று மாற்றினார்கள். அமிக்கா என்றால் தோழி. செண்பகமும் இதே வழியில் மிக்கேலியா சம்பகாவிலிருந்து மேக்னோலியா சம்பகாவுக்கு வந்துவிட்டது. பழைய பெயர்கள் இணைப்பெயர்களாகப் பதிவில் இருக்கும். ஆகவே பழைய நூலில் படித்த பெயர் வீணாவதில்லை. எது இன்று ஏற்கப்பட்ட பெயர் என்பதை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

செடியை அடையாளம் காண்பதற்குப் பூவை மட்டும் படம் எடுத்தால் போதாது. இலை தண்டில் எதிரெதிராக இருக்கிறதா, மாறிமாறி இருக்கிறதா என்பதையும், இலையின் அடிப்புறத்தையும், தண்டை வெட்டினால் பால் வடிகிறதா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பால் வடிகிறதா என்ற ஒரு குறிப்பு, பெயரைக் கண்டுபிடிக்கவும் உதவும். பின்னால் சாடியில் வைக்கும்போதும் உதவும்.

வெட்டிய தண்டுக்கு என்ன நேர்கிறது

வெட்டிய பூ உடனே இறந்துவிடுவதில்லை. அது தொடர்ந்து சுவாசிக்கிறது, இலை வழியாக நீரை ஆவியாக்குகிறது, மொட்டை விரிக்கச் சேமித்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. வேர் இல்லாததால் நீர் வருவதற்கு இருக்கும் ஒரே வழி, தண்டின் வெட்டுவாயில் திறந்திருக்கும் நுண்குழாய்கள்தான். அந்தக் குழாய்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் அடைபடுகின்றன. தண்டு காற்றில் இருக்கும்போது காற்றுக்குமிழி உள்ளே ஏறுவது ஒன்று. சாடி நீரில் பெருகும் பாக்டீரியாக்கள் வழுவழுப்பான படலமாகக் குழாய்வாயை மூடுவது மற்றொன்று. மூன்று நாள் நீர் மாற்றாத சாடியிலிருந்து ஒரு தண்டை எடுத்து, நுனியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். வெண்டைக்காய்ச் சாறுபோல் கொழகொழவென்று ஒட்டும். சாடி நிறைய நீர் இருந்தும் பூ தாகத்தில் தலை கவிழ்வது அந்தக் கொழகொழப்பால்தான்.

சாடியில் வைக்கும் வரிசை

பூவைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ரோஜாவின் வெளியிதழ் ஒன்றிரண்டு விலகத் தொடங்கியதும், சம்பங்கியின் அடிமொட்டு இரண்டொன்று விரிந்ததும், கிளாடியோலசின் கீழ்மொட்டுகள் நிறம் காட்டியதும் வாங்கத்தக்கவை. தோட்டத்தில் நீங்களே வெட்டுவதானால் வெயில் ஏறுமுன் வெட்டி, கையோடு கொண்டுபோன வாளி நீரில் உடனே இறக்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சாடியைச் சோப்பு நீரால் உட்புறம் வரை தேய்த்துக் கழுவுங்கள். சாப்பாட்டுத் தட்டைப் போல் சாடியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்து, நீருக்குள் மூழ்கும் பகுதியில் உள்ள இலைகளை எல்லாம் நீக்குங்கள். நீரில் அழுகும் ஓர் இலை போதும், பாக்டீரியாவுக்கு விருந்து. ரோஜாவில் அந்தப் பகுதி முட்களை மட்டும், தோல் உரியாமல் எடுத்தால் போதும்.

பிறகு ஓர் அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, தண்டின் அடியை நீருக்குள் அமிழ்த்தி வைத்துக்கொண்டே, கூர்மையான கத்தியால் 2 முதல் 3 செ.மீ. வரை சாய்வாக வெட்டுங்கள். நீருக்குள் வெட்டுவதால் குழாய்க்குள் காற்றுக்குப் பதில் நீரே ஏறுகிறது. சாய்வாக வெட்டுவது தண்டின் வாய் சாடியின் அடியில் ஒட்டி மூடிக்கொள்ளாமல் இருப்பதற்காக. மழுங்கிய கத்திரிக்கோல் தண்டை நசுக்கிவிடும். தண்டின் நுனியைச் சுத்தியால் தட்டினால் நீர் நன்றாக ஏறும் என்று சொல்வதைக் கேட்டு நானும் முன்பு செய்திருக்கிறேன். குழாய்களை உடைத்து, பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பதைத் தவிர அதனால் எதுவும் நடப்பதில்லை.

வெட்டியதும் நேரே கூடத்து மேசைக்குக் கொண்டுபோகாமல், குளிர்ந்த நிழலான மூலையில், ஆழமான நீரில் இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்தி வையுங்கள். தண்டு வயிறு நிறையக் குடித்துக்கொள்ளும் நேரம் அது. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் கரைந்த காற்று குறைவாக இருப்பதால் குமிழி அடைப்பும் குறையும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து குழாய்வழி வரும் சூடான நீரை ஒருபோதும் அப்படியே ஊற்றாதீர்கள்.

பூவுக்கு உணவு வீட்டிலேயே

கடையில் பூவோடு தரும் பொடிப் பொட்டலத்தில் அடிப்படையாக மூன்று பொருள்கள்தான் இருக்கின்றன: உணவாகச் சர்க்கரை, நீரைப் புளிப்பாக்கி எளிதில் ஏறச் செய்யும் அமிலம், பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் கிருமிநாசினி. வீட்டில் செய்ய 1 லிட்டர் நீரில் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி மட்டமாக, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் திரவம் 1 மி.லி., அதாவது ஏறத்தாழ 20 சொட்டு சேர்த்துக் கலக்குங்கள். பிளீச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. குளோரின் வாயு வெளிப்படும். முழு லிட்டர் நீரில் ஒன்றை ஊற்றிக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். இந்த நீர் குழந்தைகள் கைக்கு எட்டாமலும் இருக்கட்டும்.

கிருமிநாசினி இல்லாமல் சர்க்கரையை மட்டும் போடுவது, ஒன்றும் போடாமல் இருப்பதைவிடக் கெடுதல். பூவைவிட முந்திக்கொண்டு பாக்டீரியாதான் அதைச் சாப்பிடும். செப்புக்காசு போட்டால் நீர் கெடாது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. செம்பு நீரில் போதிய அளவு கரைவதில்லை; இன்றைய ஒரு ரூபாய் நாணயமோ செம்பே இல்லாத எஃகு. இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றி, தண்டை மறுபடி ஒரு செ.மீ. வெட்டுவதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை.

எங்கே வைப்பது

நேரடி வெயில், மின்விசிறிக் காற்று, தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்பகுதி ஆகிய மூன்றும் ஆகாது. நம் வீடுகளில் பலர் கவனிக்காத எதிரி எத்திலீன். பழுக்கும் பழங்கள் வெளிவிடும் இந்த வாயு, புகையிலும் இருக்கிறது. கார்னேஷனின் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு தூங்குவதுபோல் ஆவதும், ஆர்க்கிட் பூக்கள் உதிர்வதும் இதனால் நேரலாம். பூஜையறையில் பழுத்த வாழைப்பழச் சீப்பு, ஊதுவத்திப் புகை, கற்பூரம் எல்லாம் ஒரே மாடத்தில் இருக்கின்றன. சுவாமிக்குச் சாத்தும் உதிரிப்பூ அன்றன்றைக்கானது என்பதால் பாதகமில்லை. ஒரு வாரம் நிற்க வேண்டிய கார்னேஷன் சாடியை மட்டும் அந்த அறையிலிருந்து தள்ளி வையுங்கள். பழமும் காய்கறியும் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியில் பூவை மூடாமல் வைப்பதும் இதே தவறுதான்.

பூவுக்குப் பூ மாறும் கவனிப்பு

சம்பங்கி கீழிருந்து மேலாக விரியும். வாடிய அடிப்பூக்களை அன்றன்று கிள்ளி, உச்சியில் விரிய வாய்ப்பில்லாத சிறு மொட்டுகளையும் நீக்கினால் நடுமொட்டுகள் நன்றாக விரியும். சர்க்கரை சேர்த்த நீருக்கு இந்தப் பூ நல்ல பலன் காட்டுகிறது. மாலை கட்ட ஒற்றையிதழ் ரகமும், சாடிக்கு அடுக்கிதழ் ரகமும் பொருத்தம்.

ரோஜாவின் கழுத்து திடீரென்று வளைந்து தொங்கினால் அது வாடிவிட்டதாக எண்ணித் தூக்கி எறிய வேண்டாம்; நீர் மேலே ஏறாமல் தடைபட்டிருக்கிறது. தண்டை நீருக்குள் மறுபடி வெட்டி, தலை நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளால் சுற்றி, கழுத்தளவு நீரில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். பல நேரங்களில் நிமிர்ந்துவிடும்.

ஜெர்பராவின் மயிரடர்ந்த மென்தண்டு ஆழமான நீரில் விரைவில் அழுகும். அதற்கு 5 முதல் 8 செ.மீ. நீர் போதும், ஆனால் அந்தக் குறைந்த நீர் வற்றாமல் தினமும் பார்க்க வேண்டும். செடியிலிருந்து பிடுங்கி எடுப்பதால் தண்டின் அடி கெட்டியாக இருக்கும். அந்தப் பகுதி முழுவதையும் வெட்டிவிடுங்கள். ஜெர்பராவுக்கும் கிளாடியோலசுக்கும் நீரிலுள்ள புளோரைடு ஆகாது, இதழோரம் கருகும். தருமபுரி போன்று நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, மழைநீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்துங்கள். கொதிக்கவைப்பதால் புளோரைடு போகாது. கிளாடியோலசைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் நுனி மேல்நோக்கி வளைந்து அப்படியே நின்றுவிடும் என்பதால் நிறுத்தியே எடுத்துவர வேண்டும்.

சாமந்தியில் பூவுக்கு முன்னால் இலைதான் மஞ்சளாகும்; இலைகளைக் குறைத்துவிட்டால் பூ நெடுநாள் நிற்கும். தண்டின் அடியில் மரம்போல் இறுகிய பகுதிக்கு மேலே வெட்டுவது அவசியம். ஆந்தூரியமும் ஆர்க்கிடும் வெப்பநாட்டுச் செடிகள். 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரவைத்தால் இதழ் கருத்துவிடும். ஆகவே அவற்றைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். லிலியத்தில் பூ விரிந்தவுடன் மகரந்தப்பைகளைக் கிள்ளிவிட்டால் துணியில் கறை படியாது. அரளி, செங்காந்தள் வைத்த சாடியின் நீரும் நச்சுதான்; அதைக் கால்நடையோ செல்லப்பிராணியோ குடிக்கும் இடத்தில் கொட்டாமல் சாக்கடையில் ஊற்றி, கையைக் கழுவுங்கள்.

மல்லிகை கொய்மலர் அல்ல; ஆனால் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி உட்பட எல்லாக் குண்டுமல்லியும் மொட்டாகவே பறிக்கப்பட்டு, மாலையில் நம் கையில் விரிகிறது. அதன்மேல் நீர் தெளித்துக்கொண்டே இருந்தால் வெள்ளை இதழ் பழுப்பேறும். ஈரத்துணியைப் பிழிந்து, அதற்குள் வாழையிலை வைத்து, இலைக்குள் சரத்தைச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் குளிர் குறைந்த தட்டில் வைத்தால் மறுநாள் காலை வரை மொட்டு கெடாது.

முடிக்கும்போது

சாடியில் ஒரு பூ மட்டும் வாடினால் அதை உடனே எடுத்துவிடுங்கள். அது அழுகி நீரைக் கெடுப்பதோடு எத்திலீனையும் வெளிவிடும். நான் ஒவ்வொரு சாடியின் கழுத்திலும் ஒரு துண்டு அட்டை கட்டி, பூவின் வழக்குப் பெயர், அறிவியல் பெயர், ரகம், வெட்டிய தேதி, நீர் மாற்றிய தேதிகள் ஆகியவற்றை எழுதுகிறேன். எங்கள் வீட்டு நீரில் எந்த ரகம் எத்தனை நாள் நிற்கிறது என்பது ஓர் ஆண்டில் அந்த அட்டைகளிலிருந்தே தெரிந்துவிட்டது. எல்லாப் பூவும் முடிந்தபின், தண்டுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி உரக்குழியில் போட்டுவிட்டு, கழுத்து குறுகிய சாடியில் ஒரு பிடி பச்சரிசியும் சோப்பு நீரும் விட்டு நன்றாகக் குலுக்கினால், கை நுழையாத அடிப்பகுதியில் ஒட்டிய படலமும் வந்துவிடும். பிறகு நல்ல நீரில் இருமுறை அலசி, கவிழ்த்து உலரவைத்து எடுத்து வையுங்கள்.